அஸர் நேரத்துப் பழுது

போன கிழமை கல்முனையில் உங்கள் கணினிச் சேவை நிலையத்தின் மேல்மாடியில் என்னை உட்கார வைத்து, தேத்தண்ணியும் வாழைப்பழமும் தந்து, ஒரு கேள்வியும் கேட்டீர்கள். “சேர், மவுஸ், கீபோர்ட், ஹெட்செட் எல்லாம் வயரில்லாம வந்திட்டு. இனி வயருக்கு வேல இரிக்கா?” கேட்ட பிள்ளையின் முகத்தில், இந்தக் கிழவன் வயர் பக்கம்தான் பேசுவான் என்ற சிரிப்பு ஏற்கெனவே இருந்தது. நான் ஏதோ பகிடி விட்டுத் தப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யன்னலோரம் சாய்ந்திருந்தபோது, பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயரில்லாத சாமான்களோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தொழில் வாழ்க்கையில் பாதியை மேசைகளுக்குக் கீழே முழங்காலில் நின்று, பின்னிக் கிடந்த வயர்களைப் பிரிப்பதில் கழித்தவன் நான். வயர் ஒழிந்தால் முதலில் சந்தோஷப்படுவது என் முழங்கால்தான். எங்கள் கடற்கரைக் காற்றில் உப்பு வேறு அதிகம். சாய்ந்தமருதில் கடலைப் பார்த்த வீட்டில் நீங்கள் செருகிவிட்டு வரும் மவுஸின் முனை, ஒரு மழைக்காலம் போவதற்குள் பச்சை பிடித்துவிடும். பச்சை பிடிக்காத வயரை எலி பார்த்துக்கொள்ளும். வயரில்லாததின் பற்றரியும் அதே காற்றில் கசிந்து அழுகத்தான் செய்கிறது, ஆனாலும் அதை மாற்றுவது சுலபம். ஆகவே வயரில்லாதது வெல்லும், வெல்லட்டும். எந்த வீட்டில், எந்த வேலைக்கு அதை வெல்ல விடக் கூடாது என்று தீர்மானிப்பது மட்டும் உங்கள் கையில் மிஞ்சும். நான் அப்படி ஒரு தீர்மானத்தை நிந்தவூரில், ஒரு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எடுத்தேன்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்திய காலம் அது. ஒரு பெண் எனக்குப் போன் எடுத்து, அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றார். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பது போன்ற குரல்.

“காக்கா, நான் நிந்தவூர். வீட்டுல இருந்துதான் வேல செய்ற. ஹெட்செட் கரச்சல் குடுக்குது. கடைக்குக் கொண்டு வர ஏலாது, நான் இத்தாவுல இரிக்கன். நீங்க வந்து பாப்பீங்களா?”

உங்களில் எங்கள் வழக்கம் தெரியாத பாண்டிருப்பு, காரைதீவுப் பிள்ளைகளும் இருப்பதால் சொல்கிறேன். கணவனை மௌத்தில் இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டிலிருப்பதைத்தான் நாங்கள் இத்தா என்போம். இன்றைக்கென்றால் உங்களில் ஒரு பெண்பிள்ளையை அனுப்பலாம். அன்று எங்களிடம் பெண் ஒருவரும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

கேட்டைத் திறந்தவர், இறந்துபோன கணவனின் உம்மா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து வாழ்வான். ஆகவே அந்த வீட்டில் அவர் விருந்தாளி. மருதமுனையிலிருந்து மகனின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. நான் கேட்காமலே, “இத்தா முடிய என்ட மகள் வந்து என்னக் கூட்டிப் போவா, தம்பி” என்றார். இங்கே ஏன் நிற்கிறாய் என்று ஊரே அவரைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் போல இருந்தது அந்தப் பேச்சு. மருமகளுக்கு உம்மாவும் வாப்பாவும் முன்னமே இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

ஹோலையும் உள்ளறையையும் பிரித்து ஒரு வெளிர்பச்சைத் திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் மருமகள், இந்தப் பக்கம் நான், வாசலோரத்தில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணியோடு அவருடைய மாமி. கடல் காற்று திரையை உப்ப வைத்துப் பிறகு மெல்ல விட்டது. வீடு முழுவதும் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பிரதான வீதியில் போகும் பஸ்ஸின் ஹோர்ன்கூட எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. அந்த வீட்டுக்குப் போன நாட்களிலெல்லாம் எனக்கு விழித்துக்கொண்டே தூங்குவது போலிருக்கும்.

அவருடைய வேலை இது. வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு நோயாளி டொக்டருக்கு முன்னால் இருப்பார். நிந்தவூரில் இந்தப் பெண் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, நோயாளியின் வலியை ஆங்கிலத்திலும் டொக்டரின் பதிலைத் தமிழிலும் சொல்லுவார். அங்கே காலையென்றால் இங்கே நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். பொழுது படும் மஃரிபுக்கு முன் வேலை முடிந்துவிடும். இப்படிப்பட்ட பேச்சின் நடுவில்தான் சில தடவை அவருடைய ஹெட்செட் திடீரென்று அறுந்துபோயிருக்கிறது. டொக்டர் கேட்கிறார், நோயாளி கேட்கிறார், இவரிடமிருந்து பதில் இல்லை. வரும் வியாழக்கிழமை மேலதிகாரி ஒருவர் கூடவே இருந்து கேட்பார், அன்றும் அறுந்தால் வேலை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

“அவர்ர கடையையும் மூடியாச்சு. இதுவும் போனா எனக்கு வேற ஒண்டும் இல்ல, காக்கா” என்றார். அழவில்லை, நேரம் சொல்வது போலச் சொன்னார்.

ஒரு தட்டில் வைத்து ஹெட்செட்டைத் திரைக்குக் கீழால் தள்ளினார். பெரிய கறுப்புச் சாமான், புளூடூத். கட்டாரிலிருந்து திரும்பி வந்தபோது கணவர் இவருக்கென்று கொண்டு வந்தது. அவர் பிறகு ஊரில் சிறிய ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

“கம்பெனியில வயர் உள்ளதுதான் பாவிக்கச் சொல்லியிரிக்காங்க. நான்தான் கேக்கல்ல” என்றார்.

ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. புருஷன் கொடுத்த சாமான், அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் போனது காலை நேரத்தில். அவர் லெப்டொப் திரையில் தெரிவதை வாசித்தார், எதை அமர்த்த வேண்டும் என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன். எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தது. ரவுட்டரை இடம் மாற்றினேன், மென்பொருளைப் புதுப்பித்தேன், பக்கத்து வீட்டு வைஃபையைச் சந்தேகித்தேன். அன்று பின்னேரமே மறுபடியும் அறுந்தது. இன்னொரு காலையும் போனேன், அதே கதை. லெப்டொப்பின் பட்டியலில் அந்த ஹெட்செட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பழுது என்னைக் கண்டதும் ஒளிந்துகொள்கிறது என்று பகிடியாகச் சொன்னேன். திரைக்கு உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை லுஹருக்குப் பிறகு போனேன். மறுநாள் சோதனை என்பதால் அவர் அன்று லீவு எடுத்திருந்தார். தட்டில் வந்த ஹெட்செட்டைக் கையில் வைத்துக்கொண்டேன், பையைத் திறக்கவே இல்லை.

“தங்கச்சி, அறுந்த நேரங்களக் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாம் ஒரே நேரமா?”

“மாமி, காக்காக்குத் தேத்தண்ணி ஊத்துங்களன்” என்றார். மாமியின் செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போனது.

“ஓம் காக்கா. ஒரே நேரம்தான். அஸருக்கு.”

அஸர், வெயில் சாயத் தொடங்குகிற பின்னேரத் தொழுகை. அதற்குப் பள்ளிவாசலில் இருந்து கூப்பிடும் குரல்தான் பாங்கு.

“சத்தம் அறுந்து போறல்ல. டொக்டர்ர குரல் போயிரும், அந்த இடத்துல பாங்கு கேக்கும். எங்கட பள்ளிப் பாங்கு இல்ல. அவர் போன்ல வெச்சிருந்த பாங்கு. அதே குரல். முதல் நாள் எனக்குக் கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு. மறுகா நான் அதுக்காகவே காத்திருக்கத் தொடங்கிட்டன். லீவு நாளிலயும் அஸருக்கு எடுத்துப் போட்டுக்குவன். இத நிப்பாட்டித் தாங்க எண்டு உங்களிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. வேலயும் போகக் கூடாது. நான் என்ன செய்ற?”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு என்று நம்பி வாழ்ந்தவன்தான். ஆனால் அந்தப் பின்னேரத்தில், திரை உப்பித் தாழ்ந்துகொண்டிருந்த அந்த வீட்டில், அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடிப்போனது உண்மை. எதற்கும் அந்தப் போனைத் தேடுவோம் என்று நினைத்தேன். போன் எங்கே என்று கேட்டதற்கு, “மாமி ஓஃப் பண்ணி வெச்சிட்டா. என்ட கண்ணுல படக் கூடாதெண்டு எல்லாரும் சொன்னாங்க” என்றார்.

தேத்தண்ணி வந்தது. “ராத்தா, மகன்ட போன் எங்க?” என்று மாமியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அது ஓஃப் பண்ணி வெச்சாச்சு” என்றார், திரைக்குக் கேட்கும்படி. ஆனால் கண்ணால் என்னைப் பின் விறாந்தைக்குக் கூப்பிட்டுவிட்டு, அதோடு ஒட்டிய தன் அறையின் அலுமாரியைத் திறந்தார். மகனின் மடித்த சாரன்களுக்கு நடுவில் போன் இருந்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது.

“ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுறன், தம்பி. அவகிட்டச் சொல்லிராதீங்க, நான் பொய் சொல்லியிரிக்கன். இது அஞ்சு வக்துத் தொழுகைக்கும் பாங்கு சொல்லும். துணிக்குள்ள இரிக்கிறதால எனக்கு மட்டும்தான் கேக்கும்.” குரலை இன்னும் தாழ்த்தினார். “முதல்ல எல்லா வக்துக்கும் சொல்லிச்சு. மறுகா அஸருக்கு மட்டும் நிண்டு போச்சு. நான் மருதமுனையில இரிக்கக்குள்ள, அஸர் தொழுதிட்டுத்தான் அவன் எனக்குப் போன் எடுப்பான், ஒரு நாளும் தவறினதில்ல. இப்ப அந்த நேரத்துக்குத்தான் இது ஊமையாகுது. என்னோட என்ன கோபமோ தெரியா.”

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த வகை ஹெட்செட் ஒரே நேரத்தில் இரண்டு சாமான்களோடு சேர்ந்திருக்கும். கணவர் அதை முதன்முதலில் தன் போனில்தான் பரிசோதித்திருக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோது அஸர் நேரத்தில் போன் கடையில் இருந்தது, ஆகவே ஒரு கரைச்சலும் வரவில்லை. இப்போது அது அடுத்த அறை அலுமாரியில் இருக்கிறது. மருமகள் ஹெட்செட்டைப் போட்டிருந்தால் பாங்கு அவருடைய காதுக்குப் போகும், லெப்டொப்பின் சத்தம் விலகிவிடும். போடாத நேரத்தில் அலுமாரிக்குள் ஒலிக்கும். அஸருக்கு அவர் எப்போதும் போட்டிருந்தார். ஒருவருக்கு வந்துகொண்டிருந்ததும் மற்றவருக்கு வராமல் போனதும் ஒரே பாங்குதான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். திருத்துவது ஒரு நிமிட வேலை. ஹெட்செட்டின் பொத்தானை அமர்த்திப் பிடித்தால் போனின் பெயர் அழிந்துவிடும். வேலை தப்பும். பாங்கு அலுமாரிக்குத் திரும்பும், மகனின் கோபம் ஆறிவிட்டது என்று உம்மா சந்தோஷப்படுவார். திரைக்கு உள்ளே இருப்பவர், கணவர் வருவது நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். நான் செய்தது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. என்னைத் தொழிலில் பழக்கியவர், ஒவ்வொரு வீட்டுக் கேட்டடியிலும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “சாமானத் திருத்து, வீட்டத் திருத்தப் போகாத.” அதைக் கேட்டு நடந்ததால் எத்தனையோ வீடுகளில் என் மானம் தப்பியிருக்கிறது. அன்றும் அதைக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

கையிலிருந்த ஹெட்செட்டின் பொத்தானில் என் விரல் இருந்தது. அமர்த்த முடியவில்லை. இந்த இரண்டு பெண்களில் யார் அவரை இரண்டாம் தடவை இழக்க வேண்டும் என்று தீர்மானிக்க நான் யார்? அதுவும் அவர்களுக்குத் தெரியாமல், ஒரு பொத்தானால். மனம் மிகவும் பாரமாக இருந்தது. உள்ளதை உள்ளபடி மாமியிடம் சொன்னேன். அவர் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“சொல்லாட்டி நாளைக்கு அவட வேல போயிருமா?”

“போகாது ராத்தா. சொல்லாமலும் திருத்தலாம். ஆனா அவவுக்கு உண்மை தெரியாது.”

அவர் கொஞ்ச நேரம் சாரன்களைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஹோலுக்கு நடந்தார். திரைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

“மகள், அவன்ட போன் என்கிட்டத்தான் இரிக்கி. நான் ஓஃப் பண்ணல்ல. மனசு வரல்ல.”

நான் இந்தப் பக்கத்திலிருந்து, ஹெட்செட் எப்படி இரண்டு சாமான்களோடு சேர்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னேன். அஸருக்கு அலுமாரியில் சத்தம் நின்றுபோனதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் நினைத்திருந்ததை நான் ஒரு சாதாரணப் பழுதாக்கிக்கொண்டிருந்தேன்.

“அப்ப அது மாமிர அலுமாரியில இருந்தா வந்த?”

“ஓம், தங்கச்சி.”

“மாமிக்கு வரவேண்டியத நான் எடுத்துக்கொண்டு இருந்திரிக்கன்” என்றார். அதற்குப் பிறகுதான் அவர் அழுத சத்தம் கேட்டது. மாமி திரையோடு சேர்த்து உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பையில் வயர் போட்ட ஹெட்செட் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அதையும் ஓஃப் பண்ணிய கறுப்பையும் தட்டில் வைத்துத் தள்ளினேன். வயரின் மறுமுனை சிக்கிக்கொண்டு என் கையில் நின்றது. அவர் உள்ளிருந்து இழுத்தார், நான் சிக்கெடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். திரைக்குக் கீழே வயர் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நின்றது.

“காக்கா, இதுல வேற ஆரும் வர மாட்டாங்களா?”

“வர மாட்டாங்க, தங்கச்சி. நீங்களும் அந்த ஆஸ்பத்திரியும் மட்டும்தான்.”

வயர் சற்று நேரம் அசையவில்லை. பிறகு முழுவதும் உள்ளே போய்விட்டது. லெப்டொப்பில் செருகிய சத்தம் கேட்டது. பரிசோதித்துப் பார்க்க, தன் பெயரை ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னார். குரல் பழையபடி தெளிவாக இருந்தது. மறுநாள் மேலதிகாரி கூட இருந்து கேட்டபோது பேச்சு அஸரைத் தாண்டி ஒரு தடங்கலும் இல்லாமல் போனது, வேலையும் நிலைத்தது. உங்களுக்கு மனக்குழப்பம் வேண்டாமென்று அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கையில் அஸர் வந்தது. முதலில் பக்கத்துப் பள்ளி, அதன் பின்னால் தூரத்துப் பள்ளி, காற்றில் ஒன்றோடு ஒன்று கலந்து பாங்கு எழும்பியது. உள்ளே கறுப்பு ஹெட்செட் ஓஃப் ஆகிக் கிடந்தது. மாமியின் மடியில் போன் வெளிச்சம் போட்டு, பாங்கு சொல்லத் தொடங்கியது. அவர் திடுக்கிட்டு அதை இரண்டு கையாலும் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, போனில் ஒருவர் பேசுவதைக் கேட்பவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாங்கு முடிந்த பிறகும் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

“தம்பி” என்றார் மாமி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “ஞாயிற்றுக்கிழம அவவுக்கு வேல இல்ல. அண்டைக்கு அவ அந்தக் கறுப்பப் போட்டுக் கேக்கட்டும். அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“ஒண்டும் செய்யத் தேவல்ல, ராத்தா. அவ போட்டா அவவுக்குப் போகும். கழட்டினா உங்களுக்கு வரும்.”

“இத்தா முடிய நான் போயிருவன். இது மருதமுனையில இருந்து எட்டுமா?”

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. “எட்டாது ராத்தா. இந்த வீட்டுக்குள்ளதான். வாசல் கேட்டத் தாண்டினா போயிரும்.”

அவர் போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு தன் முந்தானையால் போனின் முகத்தைத் துடைத்து, தட்டில் வைத்து, திரைக்குக் கீழால் மெதுவாகத் தள்ளினார். தட்டு உள்ளே போனது. நான் எழும்பிச் செருப்பைத் தேடினேன்.

வாசலில் நிற்கும்போது தட்டு திரும்பி வரும் சத்தம் கேட்டது. போன் அதில் அப்படியே இருந்தது.

“மாமி, இது உங்கட கையிலயே இரிக்கட்டும்” என்றது உள்ளிருந்த குரல். “நீங்க கேட்டத் தாண்டாம இருங்க.”